சிக்கன் என்றால் எது? ஒரு கோழி வழக்கும் ஒரு சொல்லின் இரண்டு பொருளும்

பல்லடத்தில் கறிக்கோழி விலை, நாமக்கல்லில் முட்டைக்கோழி விலை என்று தினமும் தனித்தனியாகப் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வழக்கைச் சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று நியூயார்க்கில் இருந்த ஒரு நிறுவனத்திடம் 'சிக்கன்' கேட்டது. அவர்களும் அனுப்பினார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது சிக்கனே இல்லை என்று வாங்கியவர்கள் நீதிமன்றம் போனார்கள். பெட்டிக்குள் இருந்தது கோழிதான், வாத்தோ வான்கோழியோ இல்லை. கெட்டுப்போகவும் இல்லை. ஆனால் கிழட்டுக் கோழி, கொதிக்க வைத்து சூப்புக்கும் குழம்புக்கும் போடுகிற ரகம். வழக்கின் பெயர் ஃப்ரிகாலிமென்ட் எதிர் பி.என்.எஸ். இன்டர்நேஷனல், 1960-இல் தீர்ப்பு, எழுதியவர் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி. தீர்ப்பின் முதல் வரியிலேயே கேள்வியை வைத்துவிட்டார்: சிக்கன் என்றால் என்ன?

சட்டக் கல்லூரிகளில் ஒப்பந்தச் சட்டத்துக்காக இதைப் படிக்கிறார்கள். நான் இதை எம்.ஏ. ஆங்கில வகுப்பில், பொருண்மையியல் (சொற்களின் பொருளை ஆராயும் மொழியியல் பிரிவு) தாளுக்காக எடுத்துக்கொண்டு போகிறேன். சொற்களுக்கு இடையிலான பொருள் உறவுகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் மரப்படம் போட்டு விளக்கும். மேலே 'ஃப்ளவர்', கீழே 'ரோஸ்', 'டியூலிப்'. அவ்வளவு சுத்தமாக இருந்தால் யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. வகுப்பில் பாதிப் பேர் பொங்கலூர், சுல்தான்பேட்டை, தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகள், வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ கோழிப் பண்ணை இருக்கும். டியூலிப் பூவை நேரில் பார்க்காதவர்கள், ஆனால் கோழியைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பார்கள்.

நடந்தது என்ன

1957 மே 2-ஆம் தேதியிட்ட இரண்டு ஒப்பந்தங்கள். முதலாவதில் 75,000 பவுண்டு பெரிய சிக்கன், ஒவ்வொன்றும் இரண்டரை முதல் மூன்று பவுண்டு எடை. 25,000 பவுண்டு சின்னது, ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு. நம் கணக்கில் பெரியது ஏறக்குறைய 1.1 முதல் 1.4 கிலோ, சின்னது 700 முதல் 900 கிராம். விலை நூறு பவுண்டுக்குப் பெரியது 33 டாலர், சின்னது 36.50 டாலர். இரண்டாவது ஒப்பந்தமும் இதே போலத்தான், அளவும் விலையும் கொஞ்சம் மாறும். சரக்கைப் பற்றிய வரியில் 'அமெரிக்க உறைபதனச் சிக்கன், கிரேடு ஏ, அரசு ஆய்வு செய்தது, குடல் நீக்கியது' என்று இருந்தது. வயது பற்றி ஒரு சொல் கூடக் கிடையாது.

முதல் சரக்கு சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தது. பெரிய எடைக் கோழிகள் எல்லாம் முதிர்ந்த கோழிகள் என்று மே 28-இல் கண்டுபிடித்தார்கள். பல பெட்டிகளிலும் பைகளிலும் 'ஸ்டூயிங் சிக்கன்' அல்லது 'ஃபவுல்' என்று அச்சிட்டே இருந்தது, யாரும் எதையும் மறைக்கவில்லை. வாங்கியவர்கள் சண்டை போட்டார்கள். இருந்தும் மறுநாளே இரண்டாவது ஒப்பந்தத்தின் சரக்கு கப்பல் ஏறியது, அதிலும் பெரிய எடையில் அதே முதிர்ந்த கோழி. அந்தச் சரக்கு ராட்டர்டாமோடு நின்றுபோனது.

வாங்கியவர் வாதம்: சிக்கன் என்றால் இளங்கோழி, வாட்டவும் பொரிக்கவும் ஏற்றது. விற்றவர் வாதம்: அந்த இனத்துப் பறவை எதுவானாலும் சிக்கன், வயசைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

நீதிபதி இரண்டு பேரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. 'சிக்கன்' என்ற சொல் தனியாக நின்றால் இருபொருள் தருவது என்று ஏற்றுக்கொண்டு, ஒப்பந்தத்திலோ வெளியிலோ இதைத் தீர்க்க ஏதாவது கிடைக்கிறதா என்று தேடப் போனார். மொழியியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரே சொல், இரண்டு மாடியில்

ஹைப்போனிமி என்பது ஒரு சொல்லின் பொருள் இன்னொரு சொல்லின் பொருளுக்குள் அடங்குவது. எல்லா ரோஜாவும் பூ, ஆனால் எல்லாப் பூவும் ரோஜா இல்லை. இந்த உறவைப் பாடமாக்கியதில் மொழியியலாளர் ஜான் லயன்ஸின் 1977-ஆம் வருடத்து இரண்டு தொகுதிகளுக்கும், அப்புறம் 1986-இல் வந்த க்ரூஸின் நூலுக்கும் பெரிய பங்கு உண்டு. இதில் ஒரு விசேஷ வகை இருக்கிறது, ஆட்டோஹைப்போனிமி என்பார்கள். ஒரு சொல் தனக்குத் தானே உள்ளடங்கும். ஆங்கிலத்தில் 'டாக்' என்றால் நாய், ஆணோ பெண்ணோ. அதே 'டாக்', பெண் நாயைக் குறிக்கும் 'பிட்ச்' என்ற சொல்லுக்கு எதிரே நிற்கும்போது ஆண் நாய் மட்டும். மரப்படத்தில் அதே சொல்லை மேலேயும் எழுத வேண்டும், கீழேயும் எழுத வேண்டும்.

'சிக்கன்' அப்படிப்பட்ட சொல். 'டக்', 'கூஸ்', 'டர்க்கி' இவற்றுக்கு எதிரே நின்றால் முழுக் கோழி இனம். 'ஃபவுல்', 'ஹென்' இவற்றுக்கு எதிரே நின்றால் இளங்கோழி. விற்றவர் தரப்புச் சாட்சி ஒருவர், நியூஜெர்சியில் கோழி சுத்தம் செய்யும் ஆலை நடத்தியவர், வாத்து, பெருவாத்து, வான்கோழி தவிர மீதி எல்லாமே சிக்கன்தான், எந்த ரகம் வேண்டும் என்பதை நீங்கள்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றார். வாங்கியவர் தரப்புச் சாட்சி ஒருவரோ பிராய்லர், ஃப்ரையர், ரோஸ்டர் இவைதான் சிக்கன், ஸ்டூயிங் கோழி அதில் சேராது என்றார். இரண்டு பேரும் கோழியிலேயே வாழ்ந்தவர்கள், இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் மேல் மாடியில் இருந்து பேசுகிறார், இன்னொருவர் கீழ் மாடியில் இருந்து.

தமிழிலும் 'கோழி' இப்படியேதான். கோழிப் பண்ணை, கோழிக்கறி என்கிறபோது சேவலும் உள்ளே. 'நாலு கோழி, ஒரு சேவல் கெடக்குது' என்றால் பெட்டை மட்டும். 'கோழி கூப்பிடற நேரத்துல எந்திரிச்சுப் போனான்' என்று எங்கள் பக்கம் சொல்கிறோமே, கூப்பிடுவது சேவல். யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் எதற்கு எதிரே வைத்து அந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். நியூயார்க்குக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே தந்தியில் போன சொல்லுக்கு அந்த எதிர்ப்பக்கம் இல்லாமல் போயிற்று. நான் இந்த வழக்கில் படிப்பது இதைத்தான்: பொதுச்சொல்லின் பொருள் அந்தச் சொல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை, பக்கத்தில் எந்தச் சொற்கள் நிற்கின்றன என்பதில் பாதி இருக்கிறது. சொல்லின் மதிப்பு பக்கத்துச் சொற்களால் வருகிறது என்று மொழியியலாளர் சசூர் சொன்னதன் நடைமுறை உதாரணம் இதைவிட நல்லதாக எனக்குக் கிடைத்ததில்லை. அவரே கொடுத்த உதாரணமும் கறிக்கடை சம்பந்தப்பட்டதுதான்: பிரெஞ்சில் ஆட்டுக்கும் அதன் கறிக்கும் ஒரே சொல் 'மூட்டோன்', ஆங்கிலத்தில் உயிரோடு இருந்தால் 'ஷீப்', தட்டில் இருந்தால் 'மட்டன்', அதனால் இரண்டு மொழிச் சொற்களின் மதிப்பும் ஒன்றாக இருக்க முடியாது.

வரலாற்றைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். பழைய ஆங்கிலத்தில் 'சிக்கன்' என்பதன் மூலச்சொல்லுக்குக் குஞ்சு, இளம் பறவை என்று பொருள். அது மெல்ல விரிந்து முழு இனத்துக்கும் ஆயிற்று. 'ஃபவுல்' நேர் எதிராகப் போனது, முதலில் எந்தப் பறவையையும் குறித்தது (ஜெர்மனில் அதன் உறவுச்சொல் 'ஃபோகல்' இன்றும் பறவைதான்), பிறகு வீட்டுக்கோழி, கோழி வியாபாரத்தில் இன்னும் சுருங்கி முதிர்ந்த பெட்டைக்கோழி. ஒன்று விரிய, ஒன்று சுருங்க, இரண்டும் ஒரே கோழிக் கடையில் வந்து முட்டிக்கொண்டன. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல், மயிலைத் தவிர சிறகுள்ள பறவைகளின் ஆண் எல்லாவற்றுக்கும் சேவல் என்ற பெயர் பொருந்தும் என்கிறது. இன்று சேவல் என்றால் கோழியின் ஆண் மட்டும்தான் மனசில் வரும். அளகு என்ற பெண்பாற் பெயரோ கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியது என்று அங்கேயே வரையறுத்திருக்கிறார்கள். எந்தச் சொல் எவ்வளவு தூரம் பரவும் என்று பார்க்கிற கண் நம் இலக்கணத்தில் அப்போதே இருந்தது.

பொதுமையா, இருபொருளா

வகுப்பில் அதிக நேரம் போகிற இடம் இது, போகவும் வேண்டும்.

'கசின்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுங்கள். அத்தை மகளா, சித்தப்பா மகனா, பெரியம்மா மகளா ஒன்றும் தெரியாது. அதனால் அந்தச் சொல்லுக்குப் பல பொருள் என்று சொல்ல மாட்டோம். ஒரே பொருள்தான், அது சில விவரங்களைச் சொல்லாமல் விடுகிறது, அவ்வளவுதான். இது பொதுமை. 'பேங்க்' அப்படி இல்லை, வங்கி வேறு, ஆற்றங்கரை வேறு. இது இருபொருள். இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு: ஒரே வாக்கியத்தில் அந்தச் சொல்லை இரண்டு பேருக்குச் சேர்த்துப் பயன்படுத்திப் பார்ப்பது. 'நான் ஒரு கசினைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள்' என்றால் நான் பார்த்தது ஆணாகவும் அவள் பார்த்தது பெண்ணாகவும் இருக்கலாம், தடையில்லை. 'நான் பேங்க் பக்கம் போனேன், அவளும் போனாள்' என்றால் நான் வங்கிக்கும் அவள் ஆற்றங்கரைக்கும் போனதாகக் கொள்ள முடியாது. இருபொருள் சொல் ஒரு வாக்கியத்தில் ஒரு பக்கம்தான் சாய முடியும்.

இப்போது வாங்கியவரின் முதல் வாதத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு எடை இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு பவுண்டு எடையில் கிடைப்பது இளங்கோழி மட்டும்தான், அந்த எடையில் கிழட்டுக் கோழி கிடையாது. அப்படியானால் அந்த வரியில் 'சிக்கன்' என்றால் இளங்கோழி. அதே சொல்தானே பெரிய எடைக்கும், ஆகவே அதுவும் இளங்கோழி. மொழியியல் தெரியாமலே அந்தச் சோதனையை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், அழகான வாதம். ஆனால் இது செல்லுபடியாக வேண்டுமென்றால் 'சிக்கன்' அந்த இடத்தில் இருபொருள் சொல் என்று முன்னாலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அது பொதுச்சொல் என்றால், சின்னது இளசாக இருப்பதால் பெரியதும் இளசாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு கசின் பெண் என்பதால் இன்னொரு கசினும் பெண்ணாக வேண்டியதில்லை என்பது போல. நீதிபதி இந்த வாதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மொழியியல் காரணம் சொல்லவில்லை, ஆனால் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், வாங்கியவருக்குத் தேவை இருபொருள், விற்றவருக்குத் தேவை பொதுமை. உண்மையில் 'சிக்கன்' இரண்டும்தான்: பொதுவான பொருள் ஒன்று, அதற்குள்ளேயே குறுகலான பொருள் ஒன்று. 'இது சிக்கன் இல்லை, கிழட்டு ஹென்' என்றும் சொல்லலாம், 'ஹென்னும் சிக்கன்தானே' என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ஒரே பறவையைக் காட்டி ஒரே சொல்லை ஒப்பவும் மறுக்கவும் முடிகிறதென்றால் அங்கே இரண்டு பொருள் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அரசு விதியும் கூட்டுச்சொல்லும்

அமெரிக்க வேளாண் துறையின் விதிகளில் சிக்கன் வகைகள் பட்டியலாக இருந்தன: பிராய்லர் அல்லது ஃப்ரையர், ரோஸ்டர், கேப்பன், ஸ்டாக், ஹென் அல்லது ஸ்டூயிங் சிக்கன் அல்லது ஃபவுல், காக் அல்லது ஓல்டு ரூஸ்டர். விற்றவர் இதைத் தூக்கிக் காட்டினார், 'அரசு ஆய்வு செய்தது' என்று ஒப்பந்தமே சொல்கிறதே, அப்போது அரசின் பட்டியல்தானே பொருந்தும் என்று. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் இது ஒரே அளவுகோலில் பிரித்த மரம் இல்லை. பிராய்லர், ரோஸ்டர் என்பவை சமைக்கிற விதத்தால் வந்த பெயர், ஹென், காக் பாலினத்தால், கேப்பன் விதையடித்த சேவல். பாடநூல் மரப்படங்களில் ஒரு கிளை ஒரே காரணத்தால் பிரியும். வியாபாரத்தில் வளர்ந்த சொற்கள் அப்படி வரிசையில் நிற்பதில்லை. பெயர் வந்த காரணமும் சீக்கிரம் மறந்துபோகும். பல்லடத்தில் பிராய்லரை யாரும் அனலில் வாட்டுவதில்லை, பாதிப் பேர் வாயில் அது 'பாய்லர் கோழி' என்றே ஆகிவிட்டது.

அந்தப் பட்டியலில் 'ஸ்டூயிங் சிக்கன்' என்ற பெயரே விற்றவருக்குச் சாதகம். பெயரின் தலைச்சொல் சிக்கன், அப்படியானால் அது சிக்கனில் ஒரு வகை. வலுவான வாதம்தான், ஆனால் முழுக்க நம்பக் கூடாது. வான்கோழியின் பெயரிலும் கோழி இருக்கிறது, அதைக் கோழி என்று யாரும் விற்பதில்லை.

பணம் பேசிய இடம்

எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த சான்று விலை. அப்போது பெரிய எடைப் பிராய்லரின் சந்தை விலை பவுண்டுக்கு 35 முதல் 37 சென்ட். ஒப்பந்த விலை 33 சென்ட். நட்டத்துக்கு விற்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், விற்பவர் கொஞ்சமாவது லாபம் பார்ப்பார் என்பது வாங்கியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றார் நீதிபதி. வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு மாணவர், அவர் அப்பா ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறவர், உடனே சொன்னார்: 'ஏனுங்க சார், பண்ணை விலைக்குக் கீழ கறிக்கோழி வருதுன்னா கேக்க வேண்டாமுங்களா, என்ன கோழின்னு?' பொருண்மையியலில் சூழல், உலக அறிவு என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். சொல் தராத விவரத்தை விலை தருகிறது.

மொழிபெயர்ப்புச் சிக்கலும் இருந்தது. தந்திகள் பெரும்பாலும் ஜெர்மனில், ஆனால் 'சிக்கன்' மட்டும் ஆங்கிலத்தில். ஜெர்மன் 'ஹூன்' இளசு, முதிர்ச்சி இரண்டையும் குறிக்கும், 'பிராட்ஹூன்' வாட்டுகிற கோழி, 'சுப்பன்ஹூன்' சூப்புக் கோழி. பொதுப்பொருளைத் தவிர்க்கத்தான் ஆங்கிலச் சொல்லைப் போட்டோம் என்றார்கள் வாங்கியவர்கள். கடன் வாங்கிய சொல் குறுகலான பொருளில் குடியேறுவது உண்மையில் நடக்கிற விஷயம். நம் தமிழ்ப் பேச்சில் 'சிக்கன்' என்றால் கறி, பிரியாணி, பள்ளிபாளையம் சிக்கன். வாசலில் மேய்கிற பறவையை யாரும் சிக்கன் என்பதில்லை, அதற்குக் கோழி இருக்கிறது. ஆனால் விற்றவர் தரப்புச் சாட்சியத்தின்படி, எந்த மாதிரிச் சிக்கன் வேண்டும் என்று கேட்டபோது வாங்கியவரின் நியூயார்க் முகவர் எதுவானாலும் சரி என்றிருக்கிறார், 'ஹூன்'தானே என்று ஜெர்மனில் கேட்டதற்கும் ஆமாம் என்றிருக்கிறார். அதோடு அந்த வாதம் தளர்ந்துவிட்டது.

வாங்கியவருக்காகச் சாட்சி சொன்ன வியாபாரிகளின் நடத்தையும் அவர்களுக்கு எதிராகப் போனது. சிக்கன் என்றால் பிராய்லர்தான் புரியும் என்று சொன்ன ஒருவர், தன் சொந்த வியாபாரத்தில் பிராய்லர் வேண்டும்போது 'பிராய்லர்' என்றே எழுதிவந்திருக்கிறார். ஸ்டூயிங் கோழி சிக்கனில் சேராது என்றவர், விற்றவர் தரப்பிலிருந்து 'சிக்கன்' என்று விசாரணை வந்தபோது ஃபவுலா, பொரிக்கிற கோழியா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். ஒரு சொல்லின் பொருளைச் சாட்சிக் கூண்டில் வரையறுப்பது ஒன்று, கடையில் பயன்படுத்துவது இன்னொன்று. அகராதிக்காரர்கள் பயன்பாட்டை நம்புவதற்கு இதுதான் காரணம்.

தீர்ப்பு வாங்கியவருக்கு எதிராகப் போனது. ஃப்ரெண்ட்லி தன் கேள்விக்கு முழுப் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். குறுகலான பொருளில்தான் சொல் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதைச் சொல்கிறவருடையது, அவர்கள் நிரூபிக்கவில்லை என்று முடித்தார். விற்றவர் எடுத்துக்கொண்ட பொருள் அகராதியின் ஒரு பொருளோடும், வேளாண் துறை விதியோடும், வியாபார வழக்கில் ஒரு பகுதியோடும், சந்தை விலையோடும் ஒத்துப்போனது. பொருண்மையியலில் நாம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: பொதுப்பொருள் சும்மா வந்துவிடும், குறுகிய பொருளுக்குச் சூழல் வேலை செய்ய வேண்டும். நீதிமன்றமும் மொழியியலும் தனித்தனி வழியில் நடந்து இங்கே ஒரே இடத்துக்கு வந்தது எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

இதே தர்க்கத்தை எல்லாச் சொல் வழக்குக்கும் நீட்ட முடியாது. 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தக்காளியைக் காய்கறி என்றது, காய்கறிக்கு இறக்குமதி வரி இருந்தது, பழத்துக்கு இல்லை என்பதால் வந்த வழக்கு. அங்கே மோதியது தாவரவியல் பொருளும் சமையலறைப் பொருளும். கோழி வழக்கில் இரண்டு பொருளுமே சாதாரண மக்களுடையவை, அதனால்தான் அது கடினம்.

இந்தப் பாடத்தின் முடிவில் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதச் சொல்வேன். திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலைக்குப் போகப் போகிறவர்கள் பலர், வெளிநாட்டு ஆர்டரில் இருக்கும் பொதுச்சொல்லைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவர்களுக்குச் சோறு போடும். பெரும்பாலானோர் 'பிராய்லர் மட்டும்' என்று மாற்றுவார்கள். போதும்தான், ஆனால் நான் அடுத்த கேள்வி கேட்பேன்: பிராய்லர் என்றால் எது, அதையும் ஒருவர் நீட்டி இழுத்தால்? பண்ணை வீட்டுப் பெண் ஒருவர் பெயரை விட்டுவிட்டு அடையாளங்களை எழுதினார்: இளங்கோழி, ஆணோ பெண்ணோ, இறைச்சி மென்மையாக இருக்க வேண்டும், தோல் மிருதுவாக இருக்க வேண்டும், மார்பெலும்பின் நுனியை விரலால் அழுத்தினால் வளைய வேண்டும். அமெரிக்கத் தர விதிகளும் பிராய்லரை ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கின்றன, அவர் அதைப் படித்ததில்லை. 'முட்டைக்கோழிக்கு அந்த எலும்பு வளையாதுங்க சார், தொட்டாலே தெரிஞ்சுரும்' என்றார்.